தலைமடை முதல் கடைமடை வரை

அத்தியாயம் 5: பிசினஸ் அனலிஸ்டுக்கு டெக்னிக்கல் அறிவு எவ்வளவு வேண்டும்?

“அண்ணாச்சி, எனக்கு கோடிங் சுத்தமா வராது. இந்த வேலைக்கு நான் போகலாமா?”

கேட்டவர் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதும் பெண். பி.காம். முடித்தவர். டேலியில் ஒரு ரூபாய் இடித்தாலும் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அடுத்த வாரமே இன்னொரு தம்பி வந்தார். இன்ஜினியரிங் முடித்து, ஜாவாவில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவர் கேள்வி நேர் எதிர்த் திசையில் இருந்தது: “அண்ணாச்சி, எனக்கு கோடிங் நல்லாத் தெரியும். இது போதும்லா?”

இருவரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அந்த அளவுகோல்தான் தப்பு. எத்தனை மொழியில் நிரல் எழுதத் தெரியும் என்பதை வைத்து ஒரு அனலிஸ்டின் டெக்னிக்கல் அறிவை அளக்க முடியாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஒரு தகவல் எங்கே பிறக்கிறது, எந்தெந்த வாய்க்கால் வழியாகப் போகிறது, கடைசியில் யார் கையில் போய்ச் சேருகிறது, வழியில் எங்கே தேங்குகிறது, எங்கே கசிகிறது? இதை வேறொருவரை நம்பாமல் நீங்களே பின்தொடர்ந்து போய்ப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் உங்களுக்குப் போதுமான அறிவு இருக்கிறது. முடியாது என்றால், ஜாவா தெரிந்திருந்தாலும் போதாது.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் அணைக்கட்டுக்குத்தான் கூட்டிப்போவேன். தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணை நம்முடைய ஸ்ரீவைகுண்டம் அணை. மேலே உள்ள ஏழும் வெள்ளைக்காரர்களுக்கு முந்தியவை. இது மட்டும் அவர்கள் காலத்தில், 1873-ல் கட்டி முடிக்கப்பட்டது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. வடகாலின் கடைசியில் கோரம்பள்ளம் குளம். தென்கால் கடம்பாகுளத்தை நிரப்பி, அதற்குக் கீழே உள்ள குளங்களுக்கும் தண்ணீர் தருகிறது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் சிவில் இன்ஜினியரிங் படித்தவர் அல்ல. ஷட்டரை அவர் வடிவமைக்கவும் இல்லை. ஆனால், “இன்னைக்குத் தண்ணி விட்டா நாளைக் காலைல கடைசிக் குளத்துக்குப் போயிரும்” என்று மேலதிகாரி சொன்னால், “போகாதுங்கய்யா, நடுவுல இருக்க குளம் எல்லாம் வத்திக் கெடக்கு, அது குடிச்சது போகத்தான் கீழ போகும்” என்று சொல்ல அவருக்குத் தெரியும். அவருடைய ஒரு வாக்கியம் ஒரு திட்டத்தை மாற்றிவிடும். அனலிஸ்டுக்கு வேண்டிய டெக்னிக்கல் அறிவு இந்த வகையைச் சேர்ந்தது.

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள்

பாடம் படிக்க அமெரிக்க நிறுவனத்தின் உதாரணம் எதுவும் வேண்டாம். ‘ஸ்ரீவைகுண்டம்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம்.

கண்ணுக்கு அது 6 எழுத்து: ஸ்ரீ, வை, கு, ண், ட, ம். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. யூனிகோடில் மெய்யும் புள்ளியும் தனித்தனி, உயிர்மெய்யின் குறியும் தனி. ‘ஸ்ரீ’ மட்டுமே நான்கு குறியீடுகள்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. இப்படி எண்ணிக்கொண்டே போனால் ஊர்ப் பெயர் முழுவதற்கும் 13 குறியீடுகள் வருகின்றன. இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். ஆக 39 பைட்.

இது எனக்கெதற்கு, புரோகிராமர் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றலாம். படிவத்தில் “ஊர்: 30 எழுத்துக்கு மிகாமல்” என்று எழுதப்போவது நீங்கள்தான். அந்த 30 என்பது எதை எண்ணுகிறது? ஆரக்கிள் டேட்டாபேஸில் தனியாகச் சொல்லாவிட்டால் அது வழக்கமாக பைட்டைத்தான் எண்ணும். அப்போது 6 எழுத்துள்ள ஊர் 30 அளவுள்ள பெட்டிக்குள் அடங்காது. மைசீக்வலில் குறியீட்டை எண்ணும், அங்கே தாராளமாக அடங்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த குழுவுக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது. தமிழில் நிரப்பும் முதல் ஆளுக்குத்தான் படும்.

இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று நமக்குப் பழக்கமான ‘ஸ’வில் தொடங்குவது. மற்றொன்று 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ என்ற கிரந்த எழுத்தில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் குறியீட்டைத்தான் ஒப்பிடுகிறது, உருவத்தை அல்ல. ஒரு விதத்தில் பதிந்துவிட்டு மற்றொரு விதத்தில் தேடினால், “அப்படி ஓர் ஊரே இல்லை” என்று பதில் வரும். ஆங்கிலத்திலும் நமக்கு நிம்மதி கிடையாது. ‘குண்டம்’ என்பதற்கு ‘d’ போட்டு எழுதுபவர்களும் உண்டு, ‘t’ போட்டு எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் அரசு ஆவணங்களிலேயே புழங்குகின்றன.

இதற்குத் தீர்வு நிரல் எழுதத் தெரிவதா? இல்லை. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது, ஒவ்வோர் ஊருக்கும் மாறாத ஓர் எண் கொடுப்பது, பழைய பதிவுகளை ஒரு முறை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. இந்த மூன்றையும் கேட்டு வாங்க வேண்டியது அனலிஸ்ட். பெயர் என்பது அடையாளம் ஆகாது என்று தெரிந்திருந்தால்தான் கேட்க முடியும்.

மாவட்டத்தையும் பாருங்கள். 1986 அக்டோபர் 20-க்கு முன்னால் நாம் திருநெல்வேலி மாவட்டம். அன்று தனி மாவட்டம் பிரிந்தது, வ.உ.சி.யின் பெயரில். பிறகு அதற்குத் தூத்துக்குடி மாவட்டம் என்று பெயர். ஏரல் தனி வட்டமாகப் பிரிந்தது அதற்கும் பிறகு. 2019-ல் அந்தப் பக்கம் தென்காசி பிரிந்தது. 1980-ல் பதிந்த பத்திரத்தில் திருநெல்வேலி என்று இருப்பது பிழை அல்ல, அன்றைக்கு அதுதான் சரி. இதைத் ‘திருத்துகிறேன்’ என்று ஒரு குழு எல்லாவற்றையும் தூத்துக்குடி ஆக்கினால் பழைய ஆவணத்துக்கும் புதிய பதிவுக்கும் தொடர்பு அறுந்துபோகும். ஒரு விவரம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று சேர்த்தே சேமிக்க வேண்டிய இடங்கள் எவை என்று கண்டுபிடிப்பது, எனக்குத் தெரிந்தவரை, ஒரு அனலிஸ்ட் செய்யக்கூடிய மிகப் பெரிய டெக்னிக்கல் உதவிகளில் ஒன்று.

பட்டா படிக்கத் தெரிந்தவருக்கு டேட்டாபேஸ் பாதி தெரியும்

டேட்டா மாடல் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுகிறவர்களுக்கு நான் பட்டாவைத்தான் காட்டுவேன்.

ஒரு வருவாய்க் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு பட்டா எண். அதன் கீழ் பல சர்வே எண்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள் இருக்கலாம். இது ஒன்றுக்குப் பல என்ற உறவு. கூட்டுப் பட்டா என்றால் ஒரே பட்டாவில் பல பெயர்கள். அதில் ஒருவருக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனிப் பட்டாவும் இருக்கும். இப்போது அது பலவற்றுக்குப் பல என்று ஆகிவிட்டது. இந்த இடத்தில் நடுவில் இன்னொரு அட்டவணை வேண்டும் என்று டெவலப்பர் சொல்வார். ஏன் வேண்டும் என்பது உங்களுக்குப் புரிந்தால் போதும். அதை எப்படிக் கட்டுவது என்பது அவர் வேலை.

அளவுக்கு வருவோம். பத்திரத்தில் சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். 50 சென்ட் என்பது 20.234 ஏர். இரண்டு தசமத்தில் நிறுத்தினால் 20.23 ஆகிறது. அதை மூன்று அண்ணன் தம்பிகள் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 6.7433. அதையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 6.74. மூன்றையும் கூட்டினால் 20.22. தாய் நிலத்தைவிடப் பிள்ளைகளின் நிலம் 0.01 ஏர், அதாவது ஒரு சதுர மீட்டர், குறைந்துவிட்டது. “உட்பிரிவுகளின் கூடுதல் மொத்தப் பரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும்” என்று நீங்கள் ஒரு விதி எழுதியிருந்தால் இந்த விண்ணப்பத்தை சிஸ்டம் திருப்பி அனுப்பும். விதியே எழுதாவிட்டால் ஒரு சதுர மீட்டர் நிலம் காகிதத்தில் காணாமல் போய்விடும். கடைசிப் பங்கில் சரிக்கட்டுவதா, சர்வேயர் அளந்த கணக்கை வைத்துக்கொள்வதா? இது தொழில்நுட்ப முடிவு அல்ல, வருவாய்த்துறை எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் முழுமையாக்கும்போது இப்படி இடிக்கும் என்று தெரியாதவருக்கு அந்தக் கேள்வியே தோன்றாது.

அடுத்து, நிலைகள். பட்டா மாறுதலில் உட்பிரிவு இல்லாத விண்ணப்பம் ஒரு பாதையில் போகும். உட்பிரிவு தேவைப்படுவது வேறு பாதை: சர்வேயர் நிலத்துக்குப் போய் அளந்து வரைபடம் போட வேண்டும். ஒரு தாளில் வட்டங்கள் போட்டு ‘பெறப்பட்டது’, ‘அளவைக்குக் காத்திருக்கிறது’, ‘ஏற்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, அம்புக்குறி போட்டு, ஒவ்வோர் அம்பின் மேலும் “இதை நகர்த்துபவர் யார்?” என்று எழுதிப் பாருங்கள். எந்த அம்பின் மேல் பெயர் எழுத முடியவில்லையோ அங்கேதான் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் கிடக்கும். நான் பார்த்த எல்லாத் திட்டங்களிலும் இது உண்மையாக இருந்திருக்கிறது, நிலம் சம்பந்தமே இல்லாத திட்டங்களிலும்.

இரண்டு அலுவலகங்கள் பேசிக்கொள்ளும்போது

பத்திரம் பதிவது பதிவுத்துறை. பட்டா தருவது வருவாய்த்துறை. இரண்டும் வேறு வேறு பதிவேடுகள், வேறு வேறு மென்பொருள்கள். பதிவுத்துறையில் 2018-ல் வந்த ஸ்டார் 2.0, வருவாய்த்துறையின் ‘தமிழ் நிலம்’. உட்பிரிவு இல்லாத கிரயங்களில், விற்பவரின் பெயர் பட்டாவில் இருந்தால், பத்திரம் பதிந்ததுமே பட்டா தானாக மாறும் வசதி இப்போது இருக்கிறது. மக்களுக்கு அலைச்சல் குறைகிற நல்ல வேலை. ஆனால் ‘தானாக’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் என்னென்ன வேண்டும் என்று யோசியுங்கள். பட்டாவில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பத்திரத்தில் தகப்பனார் பெயர் முழுசாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், மென்பொருளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். அதை எழுத நீங்கள் கற்க வேண்டியதில்லை. அதன் ஆவணத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். என்ன அனுப்புகிறோம், என்ன திரும்பி வருகிறது, 200 வந்தால் வேலை நடந்தது, 404 என்றால் கேட்டது அங்கே இல்லை, 500 என்றால் அந்தப் பக்கம் ஏதோ உடைந்திருக்கிறது. இவற்றைவிடத் தொல்லை தருவது பதிலே வராமல் போவது. பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருள் அல்ல. நடந்திருக்கலாம், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பயனர் இரண்டாம் தடவை பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பணம் தொடர்பான எந்தத் தேவை ஆவணத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் இதைக் கற்ற விதத்தைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு கடன் நிறுவனத்துக்காகச் செய்த செயலி. “தவணை கட்டியதும் நிலுவைத் தொகை உடனுக்குடன் மாற வேண்டும்” என்று ஒரு வரி எழுதினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு மாத வேலைக்குப் பிறகு சோதனை வாரத்தில்தான் தெரிந்தது, அந்த நிறுவனத்தின் பழைய மையக் கணினி பகல் முழுவதும் வசூலைச் சேர்த்துவைத்து, இரவு 11 மணிக்கு மொத்தமாக ஒரே தடவையில் கணக்கில் ஏற்றுகிறது என்று. பேட்ச் என்பார்கள். எங்கள் செயலி எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை, அது படிக்கும் எண்ணே இரவில்தான் மாறும். சோதித்துப் பார்த்தவர்களில் சிலர், கட்டிய பணம் சேரவில்லை என்று நினைத்து இரண்டாம் முறையும் கட்டினார்கள். குறை என்னுடையது. “இந்தத் தொகை எந்த அட்டவணையில் இருக்கிறது, எப்போது மாறுகிறது?” என்று முதல் நாளே கேட்டிருந்தால், “உங்கள் பணம் பெறப்பட்டது, நாளை காலை நிலுவையில் குறையும்” என்று ஒரு வரி காட்டியே சமாளித்திருக்கலாம். அந்தக் கேள்விக்கு நிரலறிவு வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிற பழக்கம் இருந்தால் போதும். எனக்கு அப்போது அது இல்லை.

6,000 ரூபாய்: ஒரு பயிற்சி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் தண்ணீரில். மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லாமல் கிடந்த நாட்கள். பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது: கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய், ரேஷன் கடை வழியாக. ஸ்ரீவைகுண்டம் வட்டத்துக்கு 6,000.

இந்த ஒரு வரி அறிவிப்பைத் தேவை ஆவணமாக எழுதிப் பாருங்கள். என் மாணவர்களுக்கு நான் தரும் பயிற்சிகளில் இதைவிடச் சிறந்தது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

‘குடும்பம்’ என்றால் யார்? கம்ப்யூட்டருக்குத் தெரிந்த குடும்பம் ரேஷன் அட்டை மட்டுமே. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது, அட்டை ஒன்றுதான் என்றால் அது ஒரு குடும்பம். ‘பாதிக்கப்பட்ட’ என்றால்? தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததா என்ற விவரம் எந்த அட்டவணையிலும் இல்லை. அட்டை எந்தக் கடையோடு இணைந்திருக்கிறது, அந்தக் கடை எந்தக் கிராமத்தில், அந்தக் கிராமம் எந்த வட்டத்தில் என்று மூன்று படி ஏறித்தான் வட்டத்துக்குப் போக வேண்டும். ஆகவே மனிதர்கள் பேசுகிற விதி ஒன்று, தரவு சொல்லக்கூடிய விதி இன்னொன்று. வேறு வட்டத்தில் அட்டை வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்குக் குடியிருப்பவர், வீடு மூழ்கியும் பட்டியலில் வரமாட்டார். அவருக்கு என்ன வழி என்று மேலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது அனலிஸ்டின் கடமை. கேட்காமல் விட்டால், கடை வாசலில் நிற்கிற மனிதரிடம் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சிக்னல் இல்லாத ஊரில் ஒரே அட்டைக்கு இரண்டு தடவை பணம் போகாமல் எப்படித் தடுப்பது? இணையம் இருந்தால் மையத்தில் ஒரு குறி போட்டுவிடலாம். இல்லாவிட்டால்? ஒரு அட்டைக்கு ஒரு டோக்கன், அதில் ஒரு கடை, ஒரு நாள். அந்தக் கடையில் மட்டுமே செல்லும், வாங்கியதும் பட்டியலில் கையெழுத்து. இணையம் இல்லாமலே இரட்டைப் பட்டுவாடா நின்றுவிடும். பூட்டுவது என்று டேட்டாபேஸ்காரர்கள் சொல்வதும் இதைத்தான். காகிதம் சிறந்த தீர்வாக இருக்கும் இடத்தில் அதைச் சொல்லும் தைரியம் அனலிஸ்டுக்கு வேண்டும். ‘ஆன்லைன் பூட்டு என்ன செய்கிறது’ என்று உள்ளுக்குள் புரிந்திருந்தால்தான் அந்தத் தைரியம் வரும்.

சரி, எதைப் படிப்பது?

முதலில் எஸ்க்யூஎல், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. செலெக்ட், வேர், ஜாயின், குரூப் பை, இந்த நான்கு போதும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறேழு வாரத்தில் கைக்கு வந்துவிடும். மண்டிக் கணக்கையே வைத்துப் பழகுங்கள்: விவசாயிகள் ஓர் அட்டவணை, தார் வரத்து ஓர் அட்டவணை, செல்போன் எண்கள் ஓர் அட்டவணை. மூன்றையும் இணைத்து ஆளுக்கு எத்தனை தார் என்று கூட்டிப் பாருங்கள். 40 தார் கொண்டுவந்தவருக்கு 80 என்று வரும், அவரிடம் இரண்டு செல்போன் எண் இருந்தால். இணைக்கும்போது ஒவ்வொரு வரியும் இரண்டாகிவிட்டது. இந்தப் பிழையை ஒரு தடவை நீங்களே செய்து, நீங்களே கண்டுபிடித்துவிட்டால், வாழ்நாள் முழுக்க எந்த அறிக்கையைப் பார்த்தாலும் முதலில் வரிகளை எண்ணுவீர்கள். இப்போது ஏஐ கேட்ட நொடியில் எஸ்க்யூஎல் எழுதித் தருகிறது. அதுவும் இந்தப் பிழையைச் செய்யும். 80 என்ற எண் தவறு என்று தெரிய, சரக்கு வந்த கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எக்செல்லில் பிவட் டேபிள், லுக்அப். படம் வரைய ஒரு கருவி, எதுவானாலும் சரி. ஏபிஐ ஆவணம் படிக்கும் பழக்கம். சோதனை வழக்குகள் எழுதுவது. இவ்வளவும் எந்த வேலைக்கும் பொது.

இதற்கு மேல் என்ன என்பது போகும் இடத்தைப் பொறுத்தது. வங்கி, காப்பீடு என்றால் பேட்ச், கணக்கு ஒத்துப்பார்த்தல். டேட்டா வேர்ஹவுஸ் என்றால் எஸ்க்யூஎல்லில் இன்னும் ஆழம். எஸ்ஏபி மாதிரி ஆயத்த மென்பொருள் என்றால் அதன் அமைப்புகளை உள்ளே போய்த் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கே மேலோட்டமான அறிவு செல்லாது.

இந்தத் தொழிலுக்கென்று உலக அளவில் ஓர் அமைப்பு இருக்கிறது, ஐஐபிஏ. 2003-ல் தொடங்கியது. அவர்கள் வெளியிடும் பேபாக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு 2015-ல் வந்தது. ஓர் அனலிஸ்டுக்கு அடிப்படையாக அது சொல்லும் ஆறு வகைத் திறன்களில் கருவிகளும் தொழில்நுட்பமும் ஒரு வகை மட்டுமே. அதில் விளக்கப்படும் 50 உத்திகளில் டேட்டா மாடல், டேட்டா அகராதி, நிலை மாதிரி, இடைமுகப் பகுப்பாய்வு எல்லாம் உண்டு. நிரல் எழுதுதல் இல்லை. நேர்முகத் தேர்வில் “கோடிங் தெரியுமா?” என்று கேட்டால் வெட்கப்படாமல் “தெரியாது, ஆனால் டேட்டாவைத் தேடி எடுக்கத் தெரியும்” என்று சொல்லுங்கள். பிறகு பட்டா உதாரணத்தைப் பேப்பரில் வரைந்து காட்டுங்கள்.

ஜாவா தெரிந்த தம்பிக்கு ஒரு வார்த்தை. தெரிந்தது நல்லது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் தேவை ஆவணத்தில் தீர்வை எழுதும் ஆசை உங்களுக்குத்தான் அதிகம் வரும். “வட்டம் தேர்ந்ததும் ஏஜாக்ஸ் அழைப்பு போய் கிராமப் பட்டியல் நிரம்ப வேண்டும்” என்று எழுதாதீர்கள். “தேர்ந்த வட்டத்தில் உள்ள கிராமங்கள் மட்டுமே காட்டப்பட வேண்டும்; சிக்னல் குறைவான இடத்திலும் படிவம் நிற்கக் கூடாது” என்று எழுதுங்கள். முதல் வரி டெவலப்பரின் கையைக் கட்டுகிறது. இரண்டாவது வரியைப் படித்தால் அவர் உங்களைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடிப்பார். தெரிந்தவரிடம் வேலையை விட்டுவிடுவதும் ஒரு தேர்ச்சிதான். உங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆறு மாதத்தில் பழகிவிடும்.

டெவலப்பர் பேசும்போது ஒரு சொல் புரியவில்லை என்றால் அந்த நிமிடமே கேளுங்கள். “கேஷ்னு சொன்னீங்களே, அது பழைய விவரத்தைக் காட்டுமா? எவ்வளவு நேரத்துக்கு?” விளக்கம் கேட்கும்போது அதன் விளைவையும் சேர்த்துக் கேட்பது முக்கியம். விளக்கம் மறந்துபோகும், விளைவு நினைவில் நிற்கும்.

இந்த வாரத்துக்கான வேலை

கையருகே இருக்கும் ஏதாவது ஒரு தகவலைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டுப் பட்டா, ரேஷன் அட்டை, கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் ரசீது, எதுவானாலும் சரி. அது முதன்முதலில் எங்கே, யார் கையால் எழுதப்பட்டது என்பதிலிருந்து கடைசியாக யார் அதைப் படித்து ஒரு முடிவு எடுக்கிறார் என்பது வரை ஒரே தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எங்கே சேமிக்கப்படுகிறது, யார் மாற்றலாம், தவறாகிவிட்டால் யாருக்கு முதலில் தெரியும்.

மண்டியில் கணக்கு எழுதும் அந்தப் பெண் இதைச் செய்தார். ஏத்தன் தாரை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். தராசில் ஏறும் தார், துண்டுச் சீட்டில் எடை, சிட்டை, டேலி, விவசாயியின் வங்கிக் கணக்கு என்று ஐந்து இடம் வரைந்து கொண்டுவந்தார். துண்டுச் சீட்டுக்கும் சிட்டைக்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. சீட்டில் அரைக் கிலோ இருக்கிறது, சிட்டையில் இல்லை.

“இந்த அரைக் கிலோவ யாரு எடுத்துவிடுறா அண்ணாச்சி? தராசுக்காரரா, இல்ல சிட்டை எழுதுறப்ப நானேதானா?”

மறுநாள் காலை லோடு வருவதற்கு முன்னாலேயே துண்டுச் சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார்.